லெந்து நாட்களில் ஒரு புதிய பழக்கம்: பிடியரிசியிலிருந்து லூக்கா 24 வரை

ஈஸ்டருக்கு முன் வரும் 40 நாள் நோன்புக் காலம் லெந்து. அதன் முதல் நாளான சாம்பல் புதன் வந்தால் வேலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் முதலில் மாறுவது கறிக்கடைக் கணக்குதான். ஞாயிறு மட்டன் நின்றுவிடும். ஆம்பூர் போனவர்கள் பிரியாணிக் கடை வாசலைப் பார்க்காமல் பஸ் ஏறுவார்கள். பூ வைக்காதவர்கள், புதுத்துணி எடுக்காதவர்கள், டீயை விட்டவர்கள் என்று வீட்டுக்கு வீடு ஒன்று. ஈஸ்டர் மதியம் இலை விரித்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

விடுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த வழிகாட்டி அதன் மறுபாதிக்கு: இதுவரை செய்யாத நல்ல காரியம் ஒன்றை லெந்து நாட்களில் தொடங்கி, ஈஸ்டருக்குப் பிறகும் அது நிற்கும்படி செய்வது எப்படி என்பதற்கு. 1853இல் தொடங்கிய ஆற்காடு மிஷன் வழிவந்த சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்கள் இதை லெந்து என்கின்றன. கத்தோலிக்கர் தவக்காலம் என்கிறார்கள். ஒரே தெருவில் இரண்டு சொல்லும் புழங்குகிறது. இங்கே இரண்டும் வரும்.

முதலில் நாட்களை எண்ணுங்கள்

40 நாள் என்கிறோம். காலண்டரில் எண்ணினால் சாம்பல் புதன் முதல் பெரிய சனி வரை 46 நாள் இருக்கும். நடுவில் வரும் 6 ஞாயிறுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் உயிர்த்தெழுதலின் நாள் என்பது காரணம். 2027இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10, பெரிய வெள்ளி மார்ச் 26, ஈஸ்டர் மார்ச் 28. கீழே சொல்லும் தேதிகள் எல்லாம் 2027க்கானவை.

அந்த 6 ஞாயிறுகள்தான் உங்கள் கைச்சேமிப்பு. புதிய பழக்கம் தொடங்குகிறவர் இடையில் ஒன்றிரண்டு நாள் தவறவிடுவது நிச்சயம். ஞாயிறைப் பாக்கி தீர்க்கும் நாளாக ஒதுக்கி வைத்தால் கணக்கு 40இலேயே நிற்கும். தொடங்கும்போதே 46 நாளும் செய்வேன் என்று உறுதி எடுத்தவருக்கு இந்த இடைவெளி கிடையாது. அவர் முதல் தவறலிலேயே "இந்த வருஷம் அவ்வளவுதான்" என்று விட்டுவிடுவார்.

இன்னொரு எண்ணும் தெரிந்திருக்க வேண்டும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010இல் ஆய்விதழில் அச்சான ஓர் ஆய்வு உண்டு. ஒரு செயல் யோசிக்காமல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுவாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் அது 18 முதல் 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு வரவில்லை என்பதும் அதே ஆய்வில் வந்ததுதான். ஆக, லெந்து முடியும்போது உங்கள் பழக்கம் பாதி வெந்த சோறு. பிப்ரவரி 10இல் தொடங்கினால் 66ஆம் நாள் ஏப்ரல் 16. ஈஸ்டரோடு அடுப்பை அணைத்தால் என்ன ஆகும் என்று சமைப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது

ஒன்றே ஒன்று. ஜெபம், உபவாசம், தர்மம் என்று மத்தேயு 6ஆம் அதிகாரம் மூன்றைச் சொல்கிறது என்பதற்காக மூன்றிலும் ஒவ்வொரு புதுப் பழக்கம் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வெள்ளிக்கு முன்பே மூன்றையும் இழக்கிறார்கள். மற்ற இரண்டை எப்போதும் செய்கிற அளவிலேயே விட்டு வையுங்கள்.

தேர்ந்தெடுத்ததை, செய்தோமா இல்லையா என்று ஆம் அல்லது இல்லையில் பதில் சொல்லக்கூடிய வாக்கியமாக எழுதிப் பாருங்கள். "அதிகமாக ஜெபிப்பேன்" என்பதற்கு ராத்திரி படுக்கும்போது பதில் சொல்ல முடியாது. "பல் தேய்த்ததும் மாற்குவில் ஒரு அதிகாரம்" என்பதற்கு முடியும். அளவையும் சின்னதாக வையுங்கள்: காய்ச்சல் நாளிலும், ஊருக்குப் போன நாளிலும், நைட் டியூட்டி முடித்து வந்த காலையிலும் செய்ய முடிகிற அளவு. அரை மணி நடை என்று எழுதியிருந்தால் 10 நிமிடம் என்று திருத்துங்கள். கால் தானாக அரை மணிக்குப் போகும். அதை உறுதிமொழியில் எழுத வேண்டாம்.

நேரத்தோடு கட்டாதீர்கள், கையோடு கட்டுங்கள்

பெரும்பாலான பழக்கங்கள் உடைவது இங்கேதான். "தினமும் காலை 6 மணிக்கு" என்று வைத்தால் ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலையிலோ ஆம்பூர் ஷூ கம்பெனியிலோ ஆஸ்பத்திரியிலோ ஷிப்ட் பார்ப்பவருக்கு முதல் வாரமே தடுமாறும். பிளஸ் டூ எழுதும் பிள்ளை இருக்கும் வீட்டில் மார்ச் மாதம் கடிகாரமே தலைகீழ். அலுவலகத்தில் கணக்கு முடிக்கிறவர்களுக்கு மார்ச் கடைசி வாரம் எப்படியிருக்கும் என்று தெரியும். 2027இல் அதுவே ஈஸ்டருக்கு முந்தின பரிசுத்த வாரமும்.

ஆனால் எந்த ஷிப்டானாலும் பல் தேய்க்கிறோம், குளிக்கிறோம், உலை வைக்கிறோம், செருப்பு மாட்டுகிறோம், செல்போனை சார்ஜில் போடுகிறோம். கை ஏற்கெனவே செய்கிற ஒரு காரியத்தின் வாலில் புதியதை முடிந்துவிடுங்கள். இதற்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது.

பிடியரிசி: கிட்டே நின்று பார்த்தால்

சோற்றுக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனியாக வைப்பது. சபைகளில் பெண்கள் காலங்காலமாகச் செய்துவருகிற காணிக்கை இது. நினைவூட்ட அலாரம் வேண்டாம், அரிசி டிரம்மே நினைவூட்டும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முறை இதோ.

மூடி இறுக்கமாக உள்ள, 3 கிலோ கொள்ளும் எவர்சில்வர் தூக்கு ஒன்றை அரிசி டிரம்மை ஒட்டியே வையுங்கள். அலமாரிக்குள் வைத்தால் ஒரு வாரத்தில் மறந்துபோகும். முதல் நாள் பத்துப் பிடி எடுத்து எடைபோட்டு, பத்தால் வகுத்தால் உங்கள் பிடி எவ்வளவு என்று தெரியும். பெரியவர்கள் கைக்குச் சுமார் 40 முதல் 50 கிராம். 45 கிராம் என்றால் 46 நாளில் 2 கிலோவைத் தொடும். சோறு வடிக்காத நாள் ஞாயிறானாலும் கிடையாது என்பதால் இதில் மட்டும் 46 நாளையும் எண்ணலாம். ஒரு பெரியவருக்கு ஒரு வேளைக்கு 150 கிராம் அரிசி என்று வைத்தால் இது 13 பேர் சாப்பாடு. வீட்டில் நான்கு பேரும் ஆளுக்கொரு பிடி எடுத்தால் 8 கிலோ தாண்டும். அப்போது தூக்கு போதாது, பெரிய டப்பா வேண்டும்.

எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். மூட்டையிலிருந்து தனியாக ஒரு பிடி எடுத்தால் அது மளிகைச் செலவு. உலைக்கு அளந்து வைத்ததிலிருந்து எடுத்தால் இன்றைய சோற்றில் ஒரு பிடி குறைகிறது. லெந்து காலப் பிடியரிசி இரண்டாவது வகை. டம்ளரில் அளந்து பாத்திரத்தில் கொட்டிய பிறகு, கழுவுவதற்கு முன்னால் எடுங்கள்.

எடுக்கும் கை உலர்ந்திருக்க வேண்டும். காய் நறுக்கிய ஈரக்கையோடு எடுத்தால் அரிசி கட்டி பிடிக்கும், மூன்றாம் வாரம் மூடி திறந்தால் புழுக்க வாடை அடிக்கும். புழுங்கலரிசியும் பச்சரிசியும் ஒரே தூக்கில் வேண்டாம், ரேஷன் அரிசியும் கடைப் பொன்னியும் கலக்க வேண்டாம். வேகும் நேரம் வேறு வேறு. வாங்குகிற வீட்டில் பாதி குழையும், பாதி விதையாக நிற்கும். தர்மம் என்று கொடுத்துவிட்டு அவர்களுக்கு அரிசி பொறுக்கும் வேலை வைப்பது நன்றாயில்லை. மார்ச்சில் வெயில் ஏற ஏற வண்டு வரும். நிழலில் காயவைத்த வேப்பிலை ஒரு கொத்தோ நான்கைந்து காய்ந்த மிளகாயோ மேலே போட்டு வையுங்கள். வேப்பிலையில் துளி ஈரம் இருந்தாலும் அது வேறு தொல்லை.

ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு வரை சேர்ந்ததை அன்று எடைபோட்டு, பெரிய வியாழனுக்குள் கொடுத்துவிடுவது வசதி. மீதி நாள் பிடிகளைப் பிறகு சேர்த்துக் கொடுக்கலாம். சபையில் சேர்க்கலாம், தெரிந்த வீட்டுக்கு நேரே கொடுக்கலாம். நேரே கொடுத்தால் யார் கொடுத்தது என்ற பேச்சு எழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது" என்ற வசனத்துக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தூக்கைப் படம் எடுத்துப் போடுவது ஒத்துவராது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. பிடி எடுப்பதெல்லாம் சமைக்கிறவர் தலையில் விழுந்து, புண்ணியம் மட்டும் குடும்பத்துக்கு என்று ஆகிவிடுகிறது. சமைக்காதவர் தனக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் அடுத்தது.

இரண்டு பாட்டில் உண்டியல்

பழைய உண்டியல் இப்போது நிரம்புவதில்லை. டீக்கடையிலிருந்து காய்கறி வண்டி வரை ஸ்கேன் செய்தே காசு கொடுக்கிறோம்; பையில் சில்லறை இல்லாதபோது போடுவது எதை? சாம்பல் புதனுக்கு முன் 40 பத்து ரூபாய் நாணயங்களைச் சேர்த்து ஒரு கண்ணாடி பாட்டிலில் போடுங்கள். 400 ரூபாய். பக்கத்தில் ஒரு காலி பாட்டில். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாவியை மாட்டும்போது ஒரு நாணயம் இந்தப் பாட்டிலிலிருந்து அந்தப் பாட்டிலுக்கு. தவறிய நாட்களை எண்ண நோட்டுப் புத்தகம் வேண்டாம், முதல் பாட்டிலில் மீதி இருப்பதே கணக்கு. (பத்து ரூபாய் நாணயத்தைச் சில கடைகளில் வாங்கத் தயங்குவார்கள் என்பது தெரிந்ததுதான். அது செல்லும் நாணயம், காணிக்கைத் தட்டில் யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.) 400 அதிகம் என்றால் இரண்டு ரூபாய் நாணயங்கள் போதும். தொகையைவிடக் கை நகர்வதுதான் இங்கே வேலை.

வேதம் வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்கு 40 நாள் கணக்கு

ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுபோனவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. லெந்துக்குப் பொருந்துவது வேறு. மாற்குவில் 16 அதிகாரம், லூக்காவில் 24. கூட்டினால் 40. ஞாயிறுகளை விட்டுவிட்டு நாளுக்கு ஓர் அதிகாரம் என்று சாம்பல் புதன் அன்று மாற்கு 1இல் தொடங்குங்கள்.

இந்தக் கணக்கின் அழகு கடைசி வாரத்தில் தெரியும். 38ஆம் நாள் பெரிய வியாழன்; அன்று வருவது லூக்கா 22, கடைசி இராப்போஜனம். 39ஆம் நாள் பெரிய வெள்ளி; லூக்கா 23, சிலுவை. 40ஆவது லூக்கா 24, உயிர்த்தெழுதல். பெரிய சனி இரவு விழிப்பு ஆராதனைக்கோ திருப்பலிக்கோ போகிறவர்கள் அதைச் சனிக்கிழமை வாசிக்காமல் ஈஸ்டர் காலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இடறும் இடங்கள் முன்கூட்டியே தெரிந்திருந்தால் நல்லது. மாற்கு 14 நீளம், 72 வசனம். அது 14ஆம் நாள், பிப்ரவரி 25. மார்ச் 1 திங்கட்கிழமை லூக்கா 1 வரும். 80 வசனம், இந்த 40இல் மிக நீளமானது. சத்தமாக வாசித்தால் கால் மணி நேரம் ஆகிவிடும். அன்று மட்டும் 38ஆம் வசனம் வரை காலையில், மீதி ராத்திரி. இதைத் தெரியாமல் திங்கட்கிழமை அவசரத்தில் திறந்து, பக்கத்தைப் புரட்டிப் பார்த்து மூடி வைத்தவர்கள் அதற்குப் பிறகு திறப்பதில்லை.

பைபிளை அலமாரியில் வைக்காதீர்கள். ராத்திரி செல்போன் சார்ஜ் ஏறும் இடத்தில் வையுங்கள், சார்ஜர் ஒயர் பைபிளுக்கு மேலே கிடக்கட்டும். காலையில் போனை எடுக்க வரும் கை முதலில் தொடுவது எது என்பதுதான் விஷயம். போனிலேயே வாசிக்கிறேன் என்பவர்கள் முதல் மூன்று நாள் வாசிப்பார்கள். நான்காம் நாள் மெசேஜ் வந்திருக்கும்.

கத்தோலிக்க வீட்டுக்கு மருமகளாக வந்த சி.எஸ்.ஐ. பெண்ணோ, மறுவளமாகவோ இருக்கும் குடும்பங்களில் பழைய மொழிபெயர்ப்பு, திருவிவிலியம் என்று இரண்டு புத்தகம் இருக்கும். சேர்ந்து வாசிப்பதானால் ஒன்றை முதல் நாளே முடிவுசெய்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் "தேவனுடைய ராஜ்யம்" என்க, இன்னொருவர் "இறையாட்சி" என்று திருத்த, பத்து நிமிடம் அதிலேயே போய்விடும்.

காலண்டர் தாள்

செய்ததைக் குறித்துவைக்கச் சிறந்த கருவி சுவரில் ஏற்கெனவே தொங்குகிறது: தினசரி காலண்டர். பழக்கத்தை முடித்த பிறகுதான் அன்றைய தாளைக் கிழிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழியாத தாள் ஹாலில் போகும்போதும் வரும்போதும் கண்ணில் உறுத்தும். தாத்தா காலையிலேயே கிழித்துவிடுகிற வீடுகளில் மட்டும் இது நடக்காது. அங்கே சபையில் தந்த மாதக் காலண்டரில் பேனாவால் ஒரு கோடு.

ஒரு தாள் கிழியாமல் போனால் விட்டுவிட்டு அடுத்த நாள் செய்யுங்கள். இரண்டாவது தாளும் நின்றால் அளவைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம்: ஓர் அதிகாரம் பத்து வசனமாகட்டும், 10 நிமிட நடை தெருமுனை வரை போய்த் திரும்புவதாகட்டும். மூன்று தாள் நின்றால் கட்டிய இடம் தவறு. வேறு காரியத்தின் வாலில் முடிந்து பாருங்கள்.

உடம்பு சம்பந்தமான சில விஷயங்கள்

புதுப் பழக்கத்தோடு உபவாசமும் சேர்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. கத்தோலிக்கச் சட்டப்படி ஒருசந்தி (நாளில் ஒரே ஒரு முழுச் சாப்பாடு) 18 வயது முடிந்தவர்களுக்கு, அதுவும் 59 முடியும் வரை. சுத்தபோசனம் (இறைச்சியைத் தவிர்ப்பது) 14 முடிந்தவர்களுக்கு. நோயாளிகளை அது கட்டாயப்படுத்தவில்லை. சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிப்ரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் சாப்பாட்டை விட்டுவிட்டு மருந்தை மட்டும் வழக்கம்போல் எடுத்தால் சர்க்கரை இறங்கி மயங்கி விழ நேரும். முன்பே டாக்டரிடம் கேட்டு மருந்தளவை மாற்றிக்கொள்ளாமல் வேளை தப்ப விடாதீர்கள்.

நடைப் பழக்கம் தொடங்குகிறவர்களுக்குக் வேலூர்க் கோட்டை அகழியை ஒட்டிய பக்கம் பிப்ரவரிக் காலையில் சுகமாக இருக்கும். மார்ச் பாதிக்கு மேல் ஏழு மணி வெயிலே சுடும். தொடங்கும்போதே குளிப்பதற்கு முன் நடை என்று கட்டிவிட்டால், வெயில் ஏறும்போது இரண்டையும் சேர்த்து முன்னால் தள்ளலாம்.

ரத்ததானத்தை லெந்து காலத் தர்மமாகச் செய்ய நினைப்பவர்களுக்கு: வேலூர் போன்ற ஆஸ்பத்திரி ஊரில் அதன் தேவையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட வேண்டும், ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையக்கூடாது. லெந்தில் ஒருமுறைதான் வரும் என்பதால் இது தினசரிப் பழக்கம் ஆகாது. உபவாசமிருக்கும் வெள்ளிக்கிழமையில் மட்டும் போகாதீர்கள், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கக் கூடாது.

முந்தின வாரம் செய்ய வேண்டியது

சாம்பல் புதன் அன்று தொடங்கினால் பொருள் தேடுவதிலேயே இரண்டு நாள் போகும். பிப்ரவரி 7 ஞாயிறுக்குள் தூக்கு, நாணயம், காலண்டர், பைபிள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கட்டும். திங்கள், செவ்வாய் இரண்டு நாள் ஒத்திகை. எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். கட்டிய இடம் சரியில்லை என்பது பெரும்பாலும் இந்த இரண்டு நாளிலேயே தெரிந்துவிடும்.

2027இல் ரமலான் நோன்பும் ஏறக்குறைய இதே நாட்களில்தான் தொடங்குகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் இருப்பவர்களுக்குப் பக்கத்து வீட்டில் விடியலுக்கு முன்பே விளக்கு எரியும். அதிகாலைப் பழக்கம் தொடங்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல கூட்டாளி கிடைக்காது. சாயங்காலம் நோன்புக் கஞ்சி தூக்கில் வந்தால், அதில் கறி போட்டிருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பரிசுத்த வாரமும் அதற்குப் பிறகும்

நன்றாகப் போய்க்கொண்டிருந்த பழக்கம் கடைசி வாரத்தில் நின்றுபோவது உண்டு. தினமும் ராத்திரி கூடுகை, வெள்ளிக்கிழமை மும்மணி தியானம் அல்லது சிலுவைப்பாதை, வெளியூரிலிருந்து வரும் சொந்தங்கள். கோவிலில்தானே இருக்கிறோம், வீட்டில் எதற்கு என்று தோன்றும். அந்த வாரம் அளவைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள், நிறுத்தாதீர்கள்.

ஈஸ்டர் திங்கள்தான் இதைவிட ஆபத்து. காலண்டரில் எண்ண வேண்டிய நாள் இல்லை, பாட்டில் காலி, தூக்கு காலி. அதனால் அடுத்த கணக்கை அதற்கு முன்பே போட்டு வைக்க வேண்டும். தூக்கைக் கொடுத்த அன்றே கழுவி, வெயிலில் ஒரு நாள் கவிழ்த்துக் காயவைத்து, டிரம் பக்கத்திலேயே மறுபடி வையுங்கள். இனி வாரத்துக்கு மூன்று பிடி போதும். பாட்டிலுக்கு 20 நாணயம். வாசிப்புக்கு அப்போஸ்தலர் நடபடிகள், திருவிவிலியத்தில் திருத்தூதர் பணிகள்: 28 அதிகாரம். ஈஸ்டரிலிருந்து பெந்தெகொஸ்தே வரை ஏழு வாரம், வாரத்துக்கு நான்கு அதிகாரம், மே 15 சனிக்கிழமை முடியும். நடுவில் மே முதல் வாரம் கத்திரி பிறந்து, பிள்ளைகள் பாட்டி வீட்டுக்குக் கிளம்பும்போது பைபிளையும் பையில் போட்டுவிடுங்கள். அங்கேயும் சார்ஜர் பக்கத்தில்தான் இடம்.